பார்க்கப்பட்டவள் எழுதுகிறாள்

ஓவியரான என் கணவருக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.

திமிசோரா நகரில் உங்கள் ஓவியக் கண்காட்சியைத் திறந்துவைக்க வேண்டிய விமர்சகர் வரவில்லை. "ஒயின் ஊத்துற வரைக்கும் ஏதாவது பேசு. நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு இறங்கிடு" என்று என்னை மேடையேற்றியது நீங்கள்தான். நான் கண்டதைச் சொன்னேன்: "எல்லாப் படத்துலயும் நான் கண்ண மூடிட்டுதான் இருக்கேன். நான் பாத்துடுவேனோன்னு இவருக்குப் பயம்."

கூட்டம் கைதட்டியது. பத்திரிகை ஆசிரியர் லிவியு அதையே கட்டுரையாகக் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் கத்தினீர்கள்: "சிலை மாதிரி உக்காந்திருந்தவளுக்கு ஓவியத்தப் பத்தி என்னடி தெரியும்?"

தெரியாதா? கண்ணை மூடியபடியே, உங்கள் தூரிகை எங்கே தயங்குகிறது, எங்கே பொய் சொல்கிறது என்று காதால் கற்றவள் நான்.

கட்டுரை ஞாயிறன்று என் பெயரில் வருகிறது. அக்கா வீட்டு மேசை எழுத வசதியாக இருக்கிறது. இனி நான் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியை மட்டும் வரையுங்கள். அது உங்களைத் திரும்பிப் பார்க்காது.

இப்படிக்கு,
உட்கார்ந்து அலுத்தவள்