பிகினிக்கு எண்பது வயது

மே 18, திங்கள்

மழை. ஃபியோர்ட் கடல் பக்கமிருந்து காற்று. குடை மறுபக்கம் திரும்பிவிட்டது. பஸ் பிந்தியது.

காலையில் மெத்தே என் மேசைக்கு வந்தார். எங்கள் இணையக் கடையில் எழுத்து, படம், விளம்பரம் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. நான் அவருக்குக் கீழே, தற்காலிகம். நீச்சலுடைகளுக்குக் குறிப்பு எழுதுகிறவள். "மென்மையான துணி. விரைவில் காயும்." இதற்குத்தான் பல்கலைக்கழகம் போனது.

ஜூலையில் பிகினிக்கு எண்பது வயதாம். பிறந்தநாள் விற்பனை. தலைப்பை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்: "எண்பது வயது. இன்னும் குண்டுதான்!" குண்டு என்றால் வெடிகுண்டு; இங்கே டேனிஷில் கவர்ச்சியான பெண்ணை அப்படிச் சொல்வார்கள். நன்றாக எழுதினால் நிரந்தரமாக்குவாராம்.

நிரந்தர வேலை = வீட்டு முகவர் கேட்கும் வேலை ஒப்பந்தம் = ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு குசினி = தங்கையின் அலாரத்துக்கு எழும்பாத காலை.

மதியம் ரொட்டியைத் தின்றபடி தேடினேன், ஏன் குண்டு என்று. பாதி ரொட்டி குப்பைக்குப் போனது.

மறக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பிகினி ஒரு தீவு. பசிபிக்கில். 1946. ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடிந்து நின்ற சனத்திடம் அமெரிக்க அதிகாரி ஒருவன் வந்து கேட்கிறான்: மனித குலத்தின் நன்மைக்காக இடத்தை விடுங்கள், கொஞ்ச நாளைக்கு. கொண்டுபோய் இறக்கிய தீவில் தின்ன ஒன்றும் போதாது. பட்டினி. இவர்களுடைய தீவில் அணுகுண்டு. வெடித்துச் சில நாட்களில் பாரிசில் ஒருவன் இரண்டு துண்டுத் துணிக்கு அந்தப் பெயரை வைக்கிறான். எல்லாப் பத்திரிகையிலும் அடிபட்ட பெயர். விற்கும் என்று தெரியும்.

குண்டு அதோடு நிற்கவில்லை. 1954இல் மிகப் பெரியது. பக்கத்துத் தீவில் சாம்பல் வெள்ளையாகக் கொட்டியது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். தோல் எரிந்தது, முடி கொட்டியது. பிறகு கழுத்தில் கட்டி. கருச்சிதைவு. எலும்பில்லாத பிள்ளைகள் பிறந்ததாகத் தாய்மார் சொல்லியிருக்கிறார்கள்.

மென்மையான துணி. விரைவில் காயும்.

மே 19, செவ்வாய்

மேகம். மழை இல்லை. சம்பூ வாங்க வேண்டும்.

மெத்தேயிடம் சொன்னேன். குண்டுத் தலைப்பு வேண்டாம் என்றேன், ஏனென்றும் சொன்னேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். நாய்க்குட்டி செத்த கதை கேட்பது போல.

"பயங்கரம். ஆனால் அது அமெரிக்கர்கள் செய்தது, துஷி. எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை."

கிரீன்லாந்தில் அமெரிக்கத் தளத்துக்காக ஒரு ஊர்ச் சனத்தையே இடத்தை விட்டு எழுப்பினது உங்கள் அரசாங்கம்தானே என்றேன். பிறகு அந்தத் தளத்துக்குப் பக்கத்தில் அணுகுண்டுகளோடு விமானம் பனிக்கட்டியில் விழுந்ததே, அந்த நஞ்சை அள்ளித் துடைத்ததும் உங்கள் ஆட்கள்தானே என்றேன்.

"இன்று நீ கொஞ்சம் கனமாக இருக்கிறாய்" என்றார். கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் இன்னொரு கூத்து. அம்மா முதியோர் இல்ல வேலை முடிந்து வந்து கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, மூஞ்சி நீண்டு கிடக்கு?"

"வேலையிலை பிரச்சினை. பிகினியாலை."

கரண்டி விழுந்தது.

"உன்னைப் போடச் சொன்னவையோ?"

"இல்லை அம்மா..."

"இஞ்சருங்கோ! கேட்டியளே? பிள்ளையை அந்தக் கோதாரியைப் போடச் சொல்லியிருக்கினம்!"

"போடச் சொல்லேல்லை. எழுதச் சொன்னவை!"

"எதிலை எழுத? உடம்பிலையோ?"

தங்கை டேனிஷில்: "அம்மா, அக்காவை ஒரு முறை பாருங்கள். இவளை யார் போடச் சொல்வார்கள்?" செருப்பால் எறிந்தேன். படவில்லை.

அப்பா ஹோலில் இருந்து அசையவில்லை. செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 21, வியாழன்

வெயில். ஊரே அரைக்காற்சட்டையில்.

அம்மா விபோர்க்கில் இருக்கும் மாமிக்குச் சொல்லியிருக்கிறார். மாமிக்குச் சொன்னால் யூலண்ட் பக்கத்துத் தமிழ்ச் சனத்துக்கு முழுக்கச் சொன்ன மாதிரி. பின்னேரம் பரம் அங்கிளின் ஃபோன். இங்கே எந்தத் தமிழ் விழா நடந்தாலும் மைக்கை விடாத ஆள்.

"பிள்ளை, கேள்விப்பட்டனான். பெருமையாக் கிடக்கு. வேலை போனாலும் பரவாயில்லை, அந்த உடுப்பைத் தொடமாட்டன் எண்டனீராம்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, அங்கிள். எனக்கு உடுப்பிலை பிரச்சினை இல்லை. பேரிலைதான்."

"பேரோ?"

சொன்னேன். தீவு, குண்டு, சாம்பல், பிள்ளைகள். அந்தப் பக்கம் தேத்தண்ணி உறிஞ்சும் சத்தம்.

"அதெல்லாம் எங்கையோ தூரத்து விசயம், பிள்ளை. அதை விடும். வாற மாசம் இளையோர் கூட்டத்திலை பண்பாடும் உடையும் எண்டு ஒரு பத்து நிமிசம் கதையும். சீலையோடை வாரும்."

தூரத்து விசயம். "உலகம் கைகட்டிப் பாத்துக்கொண்டு நிண்டது" என்று எங்கள் ஊர்ப் போரைப் பற்றி வருசா வருசம் மேடையில் அழுகிற வாய் இது. மெத்தேக்கு அது அமெரிக்கர் விசயம், இவருக்குத் தூரத்து விசயம். இரண்டு பேரையும் ஒரே கதிரையில் கட்டி வைக்க வேண்டும்.

வரமாட்டேன் என்றேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

மே 22, வெள்ளி

எழுதிவிட்டேன். பிறந்தநாள் பக்கத்துக்கு ஒரு முழுக் கட்டுரை. குண்டு பகிடி இல்லை. பிரார்த்தனை, பட்டினி, சாம்பல், கருச்சிதைவு எல்லாம் இருக்கிறது. கடைசி வரி: "கொஞ்ச நாளைக்கு என்றுதான் அவர்களிடம் சொன்னார்கள். அவர்களின் ஊர் இன்னும் அவர்களுக்குத் திரும்பவில்லை."

மெத்தேக்கு அனுப்பினேன். வேலை போகும். போகட்டும். பொய்: போகக் கூடாது.

பேக்கரியில் முன்னால் நின்ற கிழவன் சினேகிதனிடம்: "நீண்ட விடுமுறை என்றால் மழைதான்."

மே 24, ஞாயிறு

பெந்தெகொஸ்தே விடுமுறை. மழை இல்லை. கிழவனின் கணக்குப் பிழை.

பின்வளவில் அப்பா கோழி சுட்டார். அவர் பலாலிப் பக்கம், கடற்கரை ஆள். அங்கே படைமுகாம் விரிந்தபோது ஊரை விட்டு எழும்பினவர்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் சொல்வதில்லை, நானும் கேட்டதில்லை.

"வேலை நிரந்தரமாகுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டிரு" என்றார் புகைக்குள்ளிருந்து.

கோபத்தில் நான் எழுதியதைத் தமிழில் சொன்னேன், முழுவதும். அதிகாரி வந்து கேட்ட இடத்தில் சிரித்தார்.

"உண்மையா வந்து கேட்டவங்களோ?"

"ஓம். கொஞ்ச நாளைக்கு எண்டு."

"எங்களை ஒருத்தரும் வந்து கேக்கேல்லை. ஷெல்தான் வந்து கேட்டது. கொஞ்ச நாளைக்கு எண்டு நாங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டனாங்கள். கோழியளுக்கு ரெண்டு நாளைக்குக் காணுமெண்டு தண்ணி வைச்சுப்போட்டு வந்தனான்." இடுக்கியால் துண்டைப் புரட்டினார். "அந்தத் தீவுச் சனம் திரும்பிப் போனவையோ?"

"கொஞ்சப் பேர் போனவை. மண்ணிலை, தேங்காயிலை எல்லாம் நஞ்சு. திரும்பவும் எழுப்பினவை."

"ம்."

துண்டு கருகிவிட்டது. அதைத் தானே தின்றார்.

மே 26, செவ்வாய்

வேலை போகவில்லை. அதைவிடக் கேவலம்.

மெத்தேக்குக் கட்டுரை பிடித்துவிட்டது. கட்டிப்பிடித்தார். "இதுதான் கதை! வாடிக்கையாளர்களுக்கு உண்மையான கதைதான் வேண்டும்." கொஞ்சம் "இலேசாக்கி" இருக்கிறாராம். வாசித்தேன். பட்டினி இல்லை. கட்டி இல்லை. கருச்சிதைவு இல்லை. சாம்பல் இல்லை. கடைசி வரி இல்லை. மிஞ்சியது தென்னை, நீலக் கடல், "தங்கள் சொர்க்கத்தை உலகத்துக்கு விட்டுக்கொடுத்த மக்கள்." புதுத் தலைப்பு: "எங்களுக்குக் கோடையைத் தந்த தீவு."

விட்டுக்கொடுத்தார்களாம்.

கீழே என் படம், என் பெயர். அதன் கீழ்: "துஷியின் குடும்பமும் ஒரு தீவிலிருந்து வந்ததுதான்."

"நீயும் தீவுப் பிள்ளைதானே" என்றார் மெத்தே. கண்ணில் உண்மையான ஈரம். கெட்ட மனுசியாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி.

அவருடைய மற்றக் கையில் நிரந்தர வேலைக்கான ஒப்பந்தம். வெள்ளிக்குள் கையெழுத்து, பக்கம் என் பெயரோடு போனால்.

மே 27, புதன்

காற்று. தலையிடி. முகவர் ஃபோன் எடுத்தான்: சனி பின்னேரம் வீடு பார்க்கலாம், ஒப்பந்தத்தைக் கொண்டு வரவும்.

கையெழுத்து வைக்கலாம் என்பதற்கு: அறை. குசினி. கதவைப் பூட்ட என் சொந்தத் திறப்பு. இந்தக் கட்டுரையை யார் வாசிக்கப் போகிறார்கள்.

வைக்கக் கூடாது என்பதற்கு: என் பெயர்.

ஒரு பெயர்தானே என்று எண்பது வருசமாகச் சொல்கிறார்கள்.

மே 29, வெள்ளி

வெயில். சம்பூ இன்னும் வாங்கவில்லை.

மெத்தேயிடம் கேட்டேன், ஒரு வரியை மட்டும் திரும்பப் போடுங்கள் என்று. கடைசி வரி. இல்லாவிட்டால் என் பெயரையும் படத்தையும் எடுங்கள்.

"அந்த வரியோடு ஒருத்தி கடற்கரைக்குப் போவாளா, துஷி?"

"அப்போது பெயரை எடுங்கள்."

"உன் பெயர் இல்லாவிட்டால் அது வெறும் விளம்பரம்."

"ஓம்" என்றேன். தமிழில் வந்துவிட்டது.

கடைசியில் பெயரையும் படத்தையும் எடுத்தார். தீவு தந்த கோடை அப்படியே இருக்கிறது, யாருடைய பெயரும் இல்லாமல். நான் கையெழுத்து வைக்கவில்லை. மெத்தே ஒப்பந்தத்தைத் தன் மேசை லாச்சிக்குள் போட்டார். "கோடை முடியட்டும், பார்ப்போம். அதுவரை நீ தற்காலிகம்தான்."

நான் வென்றதாக எங்கும் எழுதமாட்டேன். அந்தச் சனத்துக்கு இதனால் ஒரு தேங்காய்கூடக் கிடைக்காது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா உடனே மாமிக்கு ஃபோன்: "பிகினிக்குக் கீழை தன்ரை படம் போட விடமாட்டன் எண்டிட்டாளாம்! ஓமடி! என்ரை வளர்ப்பு!" திருத்தவில்லை. களைப்பு.

அப்பா டீவிச் சத்தத்தைக் குறைத்தார்.

"அந்தச் சனம் இப்ப எங்கை?"

"வேறை தீவுகளிலை. கொஞ்சப் பேர் அமெரிக்காவிலை."

தலையாட்டினார். பிறகு: "நாளைக்கு வீடு பாக்கப் போறனெண்டனீ?"

"போகேல்லை அப்பா. ஒப்பந்தம் இல்லாமல் தரமாட்டாங்கள்."

"அதுக்கென்ன" என்றார், திரையைப் பார்த்தபடி. "இஞ்சையே இரன். கொஞ்ச நாளைக்கு."