யூசர் ஒன்று எழுதிக்கொள்வது

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் வசந்துக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சோபனா எழுதுவது. இங்கே அப்பா, சோபனா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதே, கேட்டால் அதற்கும் ஒரு கட்டம் போட்டு உள்ளே அடைத்துவிடுவாய். புனேயில் நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவு கோபத்திலும் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை, அதுவே எனக்கு இன்னொரு கோபம். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான், வெளியே வருவதெல்லாம் அம்மா. திட்டு வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டேன், சேர்த்திருந்தால் ஸ்பீடு போஸ்ட்டில் பார்சல் என்று சொல்லிவிடுவார்கள்.)

அம்மா போனை எடுப்பதில்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டாயாம். எடுக்க மாட்டேன். போனில் நான் பேசினால் அது உனக்குப் பாடமாகிவிடுகிறது, அதனால்தான் காகிதம். ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை சாப்ட்டியாம்மா, சரி வச்சிடட்டுமா என்பதோடு முடித்துக்கொள்கிற பிள்ளை, திடீரென்று தினமும் சாயங்காலம் கூப்பிட ஆரம்பித்தாய். காலையில் முதலில் என்ன செய்வாய், தைக்கிற ஷூத்தோல் மூட்டை எப்போது வரும், ஊசியை எப்படிப் பிடிப்பாய், எந்த விரல் வலிக்கும், அலுப்பாக இருந்தால் என்ன செய்வாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உன் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தால் இன்னா கொழம்பு என்பதோடு சரி. பால் பொங்கி அடுப்பில் வழிந்ததுகூடத் தெரியாமல் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். என் மகன் அவ்வளவு தூரத்திலிருந்து என் விரல் வலியைக் கேட்கிறான் என்று தெருக்குழாயடியில் பெருமையடித்துக்கொண்டேன். (எனக்குப் பொறாமை வந்து நானும் ஒருநாள் அம்மா, கை வலிக்குதாம்மா என்று கேட்டுப் பார்த்தேன். இன்னாடி, எவ்ளோ வேணும் என்றாள்.)

பிறகு ஒருநாள் போன் நின்றது. பரீட்சை போலிருக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது என்று நானும் சும்மா இருந்தேன். அப்புறம்தான் நீ ஸ்டேட்டஸில் போட்ட வீடியோவை சோபனா காட்டினாள். கம்ப்யூட்டர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் படிப்பில் ஏதோ சிஸ்டம் அனாலிசிஸ் என்று ஒரு பேப்பராம், அதற்கு ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்று விசாரித்துப் படம் போட வேண்டுமாம், நீ விசாரித்த தொழில் நானாம். (டேட்டா எடுத்த கையோடு டாட்டா காட்டிவிட்டாய் அண்ணா.) கோட்டெல்லாம் போட்டு இங்கிலீஷில் பேசுகிறாய், பார்க்க நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. இவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. நான் அம்மா இல்லையாம், யூசர் ஒன்றாம். படிப்பறிவு குறைவு, புதிய விஷயங்களில் பயம் அதிகம் என்று என்னைப் பற்றிய பக்கத்தில் எழுதியிருக்கிறாய். உன்னை எல்கேஜியில் சேர்க்க ஃபாரம் நிரப்பிய கைக்குப் படிப்பறிவு குறைவா? மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் வேலையில்லா நேரம் என்று மஞ்சள் கலரில் பட்டை பட்டையாக அடித்திருக்கிறாயே, அந்த நேரத்தில்தானடா நான் உலை வைப்பேன், தண்ணீர் பிடிப்பேன், உன் அப்பாவின் தோல்நாற்றச் சட்டையைத் துவைப்பேன். மஞ்சள் அடிக்க உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? (இதைச் சொல்லும்போது அம்மா எழுந்து நின்றுவிட்டாள். இப்போது உட்கார்ந்துவிட்டாள்.)

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது இரண்டாவது கட்டம். எதிர்வீட்டு மஹ்பூபி அக்காவும் நானும் இத்தனை வருஷமாக ஒன்றாகத்தான் ஷூவின் மேல்தோலுக்கு முன்மூக்குத் தையல் போடுகிறோம், ஏஜென்ட் ராமலிங்கம் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் மூட்டையையும் டிவிஎஸ் வண்டியில் கொண்டுவந்து நம் வீட்டில் இறக்குவான், இங்கிருந்தே திரும்ப எடுத்துப் போவான், இது உனக்குத் தெரியும். அக்காவுக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து தையல் சில இடத்தில் தொளதொளவென்று வருகிறது. மூட்டை கட்டும்போது நான் அதைப் பிரித்து இழுத்துப் போட்டுவிடுவேன், அக்காவுக்குத் தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரியாது. இந்தச் சோபனாவுக்கே தெரியாது. அவ்வளவு பிரியமாகக் கேட்கிறானே என்று உன்னிடம் மட்டும் சொன்னேன். நீ அதற்கு ஒரு கட்டம் போட்டு, சிவப்பு அம்புக்குறி போட்டு, கணக்கில் வராத மறுவேலை, யூசர் இரண்டின் பார்வைக் குறைபாட்டால் வரும் தாமதம், நீக்கப்பட வேண்டியது என்று எழுதி, அதற்குக் கைத்தட்டலும் வாங்கியிருக்கிறாய்.

பேர் எதுவும் போடலையே என்று அப்பாவிடம் சொன்னாயாம். பேரை மறைத்தாய், வாசலை மறைத்தாயா? நம் தெருவைப் போட்டோ எடுத்துப் பின்னால் பெரிதாகப் போட்டிருக்கிறாயே, இந்தப் பக்கம் நம் கோலம், அந்தப் பக்கம் அக்காவின் பச்சைக் கதவு, வாசல்படியில் அவள் செருப்பு. ஆம்பூரில் இருக்கிற எந்தக் குழந்தையும் யூசர் இரண்டு யாரென்று சொல்லிவிடும். ராமலிங்கத்தையும் நீ பேட்டி எடுத்தாய் அல்லவா, அவனுக்கும் வீடியோவை அனுப்பியிருக்கிறாய். அவன் அடுத்த நாளே வந்து என் மூட்டையை மட்டும் இறக்கினான். எங்க அவங்களுது என்றேன். கண்ணு தெரியாதவங்க கையில கம்பெனி சரக்கைக் குடுக்க முடியாதும்மா, உங்க பையனே படம் போட்டுக் காட்டியிருக்கான் என்றான். இதுவரைக்கும் அவங்க மூட்டையில ஒரு ஜோடியாவது ரிஜெக்ட் ஆச்சா என்று கேட்டேன். ஆகல, ஆனா இன்னாத்துக்கு ஆகலன்னு இப்பத்தானே தெரியுது என்றான். அவன் பேச்சிலும் நியாயம் இருக்கிற மாதிரி ஆக்கிவிட்டாய் பார், அதுதான் உன் படிப்பு. அப்போ என்னுதையும் தூக்கிட்டுப் போ என்று மூட்டையை அவன் வண்டியிலேயே வைத்துவிட்டேன். இப்போது இரண்டு வீட்டிலும் ஊசி சும்மா கிடக்கிறது. (இப்போது நிஜமாகவே வேலையில்லா நேரம். வா, வந்து மஞ்சள் அடி.)

அக்கா அன்றைக்கு வாசலில் நின்றே கேட்டாள். என் தையல் சரியில்லைன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே ஹேமா, புனே வரைக்கும் போய்ட்டுத்தானா என் வாசலுக்குத் திரும்பி வரணும் அந்தச் சேதி என்றாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கேட்டதில் என்ன தப்பு? மறுநாள் சேமியா பாயசம் வைத்து அவளுக்குப் பிடிக்குமே என்று தூக்கில் ஊற்றி இவளிடம் கொடுத்தனுப்பினேன். அந்தத் தூக்கு நீ பிறந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருக்கிறது, ஒருநாளும் வெறுமனே திரும்பியதில்லை, நோன்புக் கஞ்சி வரும், பிரியாணி வரும், ஒன்றுமில்லாத நாளில் ரெண்டு பச்சைமிளகாயாவது உள்ளே கிடக்கும். இந்த முறை கழுவித் துடைத்து, காலியாக, நம் திண்ணைமேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். (நான் குலுக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கலாய்க்கக்கூடத் தோன்றவில்லை.)

நீ ஆசைப்பட்டுப் படிக்கிற படிப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்டு எழுதிக்கொள்வதற்கு முன்னால், இது எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நானும் புடவை மாற்றிக்கொண்டு, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லியிருப்பேன். நீ பிள்ளையாக வந்து கேட்டாய், நான் அம்மாவாகச் சொல்லிவிட்டேன். இப்போது நான் சொல்வதைச் செய். அந்த வீடியோவை முதலில் எடு, கைத்தட்டல் போனால் போகட்டும். செமஸ்டர் லீவுக்கு வரும்போது நம் வீட்டுக்குள் நுழையாதே, வேலூர் லாங் பஜாரில் நான் பேரம் பேசி வாங்கிக் கொடுத்த அந்தப் பெட்டியோடு நேராகப் பச்சைக் கதவைத் தட்டு. லேப்டாப்பைத் திறக்காதே. அக்கா திட்டுவாள், திட்டி முடிக்கிறவரை நில். துணைக்கு ஆளில்லாமல்தான் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள், மகன் துபாயில், மருமகள் பிள்ளைத்தாய்ச்சி. வேலூருக்கு நீ கூட்டிப் போ, வரிசையில் நீ உட்கார், கட்டுப் பிரிக்கிறவரை சொட்டுமருந்து நீ போடு. பார்வை வந்த பிறகு ராமலிங்கத்திடம் நீயே போய் மூட்டை கேள். அக்கா ஒத்துக்கொண்டால்தான் இதெல்லாம், வேண்டாம் என்றால் மறுநாளும் போய்க் கதவைத் தட்டு.

நேரத்துக்குச் சாப்பிடு. மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு. நன்றாகப் படி, நல்லபடியாக இரு, நீ தலையெடுத்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குக் குறையவில்லை. மறக்காதே, முதலில் பச்சைக் கதவு.

இப்படிக்கு,
யூசர் ஒன்றாக இருந்தாலும் உன் அம்மா,
ஹேமலதா

(அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள், இது அவள் சொல்லாதது. அவள் போனில் உன் பெயரை சர்வே ஆபீசர் என்று மாற்றி வைத்தேன், சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சரி மாற்றிவிடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். இப்போதும் சாயங்காலமானால் போனுக்குச் சார்ஜ் போட்டு ஜன்னலில் வைக்கிறாள். நீ கூப்பிட்டால் எட்டிப் பார்க்கிறாள், சர்வே ஆபீசர் என்று படிக்கிறாள், அடித்து ஓயும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள். ஒருநாளும் சைலண்டில் போட்டதில்லை. எப்பம்மா பேரை மாத்தறது என்று இன்று கேட்டேன். தூக்குல ரெண்டு மிளகாயாவது வரட்டும்டி என்றாள்.)