மருந்து சேராத களிம்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. உன் தம்பி மீசை வளர்க்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை, நீயாவது சொல். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது, வாயால் சொன்னால் குழறிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையின் பின்னறையில் நான் களிம்பு செய்யும் பக்குவம் உனக்குத் தெரியும். தேன்மெழுகை வெந்நீரின் மேல் வைத்து உருக்கி, தெளிந்ததும் வாஸ்லினைச் சேர்த்து, இறக்கி, ஆறும்வரை கை ஓயாமல் கிண்ட வேண்டும், விட்டால் குருணை குருணையாகத் திரண்டுவிடும். மருந்துப் பொடி தனி வேலை. சலித்து, கண்ணாடிப் பலகையில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்து, விரலில் நெருடாமல் ஆனபிறகுதான் களிம்போடு இழைப்பேன். இரண்டு வருடமாக இப்படி ஒரு அக்காவுக்குச் செய்து தருகிறேன். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை, விரலெல்லாம் தடித்து வெடித்து ரத்தம் கசியும், எப்போதும் கையுறையோடு வருவதால் கடையில் அவளுக்குக் கையுறை அக்கா என்றே பெயர். தடித்த தோலை உரிக்கும் வெள்ளைப் பொடி போட்டுச் செய்யச் சொல்லி டாக்டர் சீட்டு.

இந்த வருடம் ஊருக்கு வர முடியாது என்று நீ போன் செய்தாயே, அன்றைக்கு அவள் டப்பாவைத்தான் செய்துகொண்டிருந்தேன். உன்மேல் பழி போடவில்லை கண்ணு, பேசி முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து டப்பாவை நிரப்பிக் கொடுத்தனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தராசைத் துடைக்கிறேன், அவள் களிம்புக்கு எடை போட்டு மடித்த பொடி பொட்டலமாகவே அதன் பின்னால் கிடக்கிறது. அவள் நம்பர் புத்தகத்தில் இருந்தது. கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிடவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று வெட்கத்திலேயே மூன்று வாரம் ஓடிவிட்டது.

பிறகு அவளே வந்தாள், கையுறை இல்லாமல். விரல்கள் வழவழவென்று இருந்தன. இங்க பாருங்கம்மா மோதிரம் போட்டிருக்கேன், இந்தத் தடவ என்னத்தப் போட்டீங்க, அதே மாதிரி இன்னும் ரெண்டு டப்பா வேணும் என்றாள். நாளைக்கு வாங்க என்று மட்டும் சொன்னேன். முதலாளியிடம் சொன்னால், ஆறிடுச்சில்ல, வாய மூடிட்டு அதையே குடும்மா, கடை பேரக் கெடுக்காத என்கிறார். சீட்டு எழுதிய டாக்டரிடம் ஓடினேன், சில பேருக்கு அந்தப் பொடியே எரிச்சலக் கிளப்பிப் புண்ண ஆற விடாது, இல்ல அந்தம்மா தண்ணில கை வைக்கறது கொறஞ்சிருக்கும், இப்ப உறுதியா எப்படிச் சொல்றது என்றார். விசாரித்தால் அவளை இஸ்திரிப் பக்கம் மாற்றியதும் அதே மாதம்தான். உன் அப்பா, எல்லாம் உன் கைராசி என்று சிரிக்கிறார். கைராசியா கவனக்குறைவா என்று நீயே சொல்.

மறுநாள் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், போன் செய்யாமல் இருந்ததையும் சேர்த்து. சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, அப்போ ரெண்டு வருஷமா எரிஞ்சது எதனால என்று கேட்டாள். தெரியலக்கா என்றேன். ஒரு துகள்கூட மிகாமல் நான் பார்த்துப் பார்த்து எடை போட்டது அவள் புண்ணுக்குத் தீனியா? வெறும் களிம்பு இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு படி இறங்கியவள் திரும்பி நின்று, நீங்க அன்னிக்கே போன் பண்ணியிருந்தா நான் பழைய மருந்தத்தான கேட்டு வாங்கிப் போட்டிருப்பேன் என்றாள். அது கோபமா நன்றியா என்று இன்றுவரை பிடிபடவில்லை. நான் செய்த தப்பு அவளுக்கு நல்லதாகப் போனால் அது தப்பில்லையா? முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், பொடி சேர்த்த அந்தக் களிம்பையே நாள்பட வாங்கும் ஏழு பேரையும் பதிவேட்டில் தேடிப் போன் செய்து, ஒருமுறை டாக்டரிடம் கையைக் காட்டிவிட்டு வாருங்கள் என்றேன். நாலு பேர் போனார்கள். ஒருவர் எனக்கு ஆறிக்கொண்டுதானே இருக்கிறது, ஏன் பயமுறுத்துகிறாய் என்று திட்டினார். அவருக்கு அந்தப் பொடிதான் ஆற்றுகிறதோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் செய்த வேலை, கண்ணாடிப் பலகை முன்னால் நின்றால் புதிதாகச் சேர்ந்தவள் மாதிரி இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு முடியாதே. ஒன்று மறந்துவிடாதே, உன் கழுத்து அரிப்புக்கு ஒரு டப்பா அனுப்பினேனே, அதில் அதே மருந்துப் பொடியைச் சரியாகச் சேர்த்திருக்கிறேன், சந்தேகமே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், அதைப் போடுவதை நிறுத்திவிட்டு அங்கே ஒரு டாக்டரிடம் காட்டு. என்ன சொன்னார் என்று உடனே எழுது, எதுவானாலும் மறைக்காமல் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா