விலக்கப்பட்ட எலிகள்

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் ஈதர் புட்டியைத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. நீ செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது.

ரத்தம் குறைந்தால் மூளை தன் சக்திக்கு என்ன செய்கிறது என்று அளப்பதுதான் நம் இருவருக்கும் வேலை. ஈதரில் மயக்கிய எலியின் கழுத்துத் தமனியைக் கட்டுவோம். சற்று நேரத்தில் அதன் மூளையைத் திரவக் காற்றில் உறையவைத்து, சர்க்கரை எவ்வளவு குறைந்தது, லாக்டிக் அமிலம் எவ்வளவு ஏறியது என்று பார்ப்போம். மதராஸிலிருந்து ரயிலில் வரும் திரவக் காற்று ஆவியாகிவிடுமே என்று ஜங்ஷனுக்கு நீயேதான் ஓடுவாய். பக்கவாதத்தில் விழுந்த உன் அப்பாவுக்கு ஸ்ரீரங்கத்தில் காலைக் கஞ்சி ஊட்டிவிட்டு பஸ் ஏறி வருகிறவள் நீ. உனக்கு அது வெறும் சம்பள வேலை இல்லை.

ஒரு பக்கத் தமனியை மட்டும் கட்டியபோது சில எலிகளின் மூளையில் எந்த மாற்றமும் இல்லை. அவற்றை நீக்கிவிட்டுக் கட்டுரையை அனுப்பலாம் என்றார் துறைத் தலைவர். நீ இரண்டு பக்கமும் கட்டிப் பார்த்தாய். அமிலம் விறுவிறுவென்று ஏறியது. மறுபக்க ரத்தம்தான் அந்த எலிகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று அவரிடம் சொன்னாய். அவர் கேட்கவில்லை.

"எலி பொய் சொல்லல சார். நாமதான் சொல்லப் போறோம். நான் மாட்டேன்," என்றாய்.

கட்டுரையிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லி நீயே பத்திரிகைக்கு எழுதினாய். அடுத்த மாதம் வேலை போயிற்று. நான் அந்தக் கட்டுரையில் கையெழுத்துப் போட்டிருந்தேன். வேலை போய்விடுமே என்று பயந்துதான் போட்டேன். அதற்காக நீ என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தாய். வாய் குழறியபடி உன் அப்பா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அவ பண்ணது சரிம்மா."

நீ இறந்தபிறகு சோதனை எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். மாறாத எலி ஒன்றையும் விடவில்லை. புதுக் கட்டுரையில் உன் பெயரை முதலில் எழுதினேன். நேற்று தலைவர் கூப்பிட்டார். வேலையைவிட்டு நீக்கப்பட்டவர், அதுவும் செத்துப்போனவர் பெயர் எதற்கு, எடுத்துவிடுங்கள் என்றார்.

"எடுக்க மாட்டேன் சார்," என்றேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கட்டுரை இன்று மத்தியானம் தபாலில் போயிற்று. என் வேலை இருக்குமோ போகுமோ, தெரியாது. போகட்டும். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு 'மாட்டேன்'தான். சொல்லத்தான் இத்தனை வருஷம் ஆகிவிட்டது.