தேறாமல் போகும் திட்டம்

17 ஜனவரி 2006, செவ்வாய்

தேறாத கேஸ்களுக்கெல்லாம் தேராவில்தான் வகுப்பாம். பர் துபாயிலிருந்து அப்பாவோடு அப்ரா படகில் ஏறி க்ரீக் என்கிற கடல்கழியைத் தாண்டினால் எதிர்க்கரையில் மாலை நேர இங்கிலீஷ் வகுப்பு. படகு நிறைய ஏழெட்டு பாஷை, தலைக்கு மேல் கடற்பறவைகள், தண்ணீரெல்லாம் விளக்கு. அழகுதான். அதுக்கு? விருதுநகரில் இந்நேரம் நானும் சங்கீதாவும் டியூஷன் விட்டு, யார் வீட்டு காலிங்பெல்லையாவது அடித்துவிட்டு ஓடிக்கொண்டிருப்போம்.

பக்கத்து சீட் ரஷ்யாக்காரருக்கு, எங்கள் பாஷையில் குட் ஈவினிங் என்றால் ‘உன் மூக்கு பெருசு’ என்று சொல்லிக்கொடுத்தேன். மனிதர் நேரே மிஸ்ஸிடம் போய்ச் சொன்னார்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். “மூக்கு பெரிசுதான் பிள்ளை. காதும் நல்லாக் கேக்கும்.”

தக்ஷாயினி மிஸ். ஊர் யாழ்ப்பாணம். எனக்கென்ன ஜோசியமா தெரியும்!

“இனி இஞ்ச தமிழ் கதைக்கப்படாது” — இதையும் தமிழில்தான் சொன்னார்.

24 ஜனவரி

தமிழில் எனக்கு வாய் நீளம். இங்கிலீஷில் வாயே இல்லை. வகுப்பில் எல்லாரும் என்னை அமைதியான பெண் என்கிறார்கள். சங்கீதா கேட்டால் சிரித்தே செத்துப்போவாள்.

3 பிப்ரவரி, வெள்ளி

சங்கீதாவோடு போனில் பேசிவிட்டு அழுதேன். அப்பா பார்த்துவிட்டார்.

“இந்த இங்கிலீஷ் பேச்சுப் பரீட்சையில தேறுனாத்தான் ஏப்ரல்ல இங்க ஒம்பதாப்பு. தேறலைன்னா சித்தி வீட்ல இருந்து ஊர்லயே படி தாயி. ஒன்னய அழவச்சுப் பாக்க என்னால முடியல.”

அடடா! தேறாமல் போனால் டிக்கெட்டா? இதுநாள் வரை என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லையே. வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். சுலபமான பரீட்சை.

21 பிப்ரவரி

பேச்சுப் பரீட்சை ஜோடியாகத்தானாம். ஒருத்தர் பேசாவிட்டால் இருவருக்கும் மார்க் போச்சு. என் ஜோடி மெஹர்பானு அக்கா. ஈரான்காரர், பியூட்டி பார்லரில் நாள் முழுக்க நின்றபடி நூல் வைத்துப் புருவம் எடுக்கிறார். கால் வீங்குகிறதாம். பல் கிளினிக் ஒன்றில் ரிசப்ஷன் வேலை தருகிறார்கள், இதில் தேறினால். “சேர்... சிட்... டாக்!” என்று ஆசையாய் நடித்துக் காட்டினார். பையிலிருந்து பிஸ்தா வேறு அள்ளிக் கொடுத்தார்.

திட்டம் மாறாது. பிஸ்தா நன்றாக இருந்தது.

14 மார்ச், செவ்வாய்

ஜுமேரா கடற்கரைக்குப் பிக்னிக், நீங்கள் இருவரும் பேசித் திட்டமிடுங்கள் என்றார் பரீட்சைக்கார வெள்ளைக்காரர். நீ என்ன கொண்டுவருவாய் என்று அக்கா கேட்டார். சிரித்தேன். மறுபடி கேட்டார். கூரையைப் பார்த்தேன். மூன்றாம் தடவை அவர் குரல் உடைந்தது.

சனியன், அப்போது பார்த்துப் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். மேஜைக்கடியில் அக்கா செருப்பைக் கழற்றியிருந்தார். கணுக்கால் பன் மாதிரி உப்பியிருந்தது.

நிமிர்ந்து, “அம்மாவைக் கொண்டுவருவேன். மற்றதையெல்லாம் அவள் கொண்டுவருவாள்” என்றேன். இங்கிலீஷில்! அப்பா என்ன கொண்டுவருவார் என்றார் அக்கா. “நியூஸ்பேப்பர் மட்டும்.” வெள்ளைக்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் வாய் மூடவில்லை — சாம்பாரில் மணல், பாயில் ஒட்டகம், என்னென்னமோ. அக்காவும் சிரித்துச் சிரித்துப் பேசினார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்? என் டிக்கெட்டு போச்சே!

20 மார்ச்

ரெண்டு பேரும் தேறிவிட்டோம். அக்கா என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு மூக்கைச் சிந்தினார்.

அப்பா: “ஊருக்குப் போணும்னு அழுதவ தான நீ?”

“வாய் தவறிருச்சுப்பா.”

சங்கீதாவிடம் சொன்னேன். “அப்ப வரமாட்டியாடி?” அதோடு போன் கார்டு தீர்ந்தது. நல்லவேளை.

25 மே, வியாழன்

உள்ளூர் போன் இங்கே இலவசம். அது அவர்கள் தப்பு. பல் கிளினிக்குக்குப் போன் போட்டு, கிழவர் குரலில், இங்கிலீஷில், என் பல்செட் பூனையைக் கடித்துவிட்டது என்றேன். “பூனைக்கு இப்போது எப்படி இருக்கிறது சார்?” என்று பொறுமையாக, அழகான இங்கிலீஷில் கேட்டார் மெஹர்பானு அக்கா. பூனைக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் கேட்டேன். அப்புறம்தான் கண்டுபிடித்து பாரசீகத்தில் திட்டினார். சிரித்துச் சிரித்து ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டியது.

நாளைக்கு சங்கீதாவிடம் சொல்ல வேண்டுமே என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். பூனை வந்தது, பல்செட் வந்தது. சிரிப்பு மட்டும் கூட வரவில்லை.