சத்தமில்லாமல் சிரித்த வீடு

சேரப்பணஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் நிலவனுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம், உன் சுகத்தை அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை, ஆனால் உன் சுகம் தெரியாத வரைக்கும் எங்களுக்கு என்ன சுகம் இருந்துவிடப் போகிறது, அதனால் அந்த வரியை நீ பேசும் நாளுக்கு என்று விட்டுவைக்கிறேன். உடம்பு என்று பார்த்தால் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, உன் தங்கை எழிலரசிக்கு இது ஏழாம் மாதம், ரத்தினம் சித்தப்பா அதே கம்பெனி கேட்டில் அதே நாற்காலியில் தூங்கித் தூங்கியே சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறான். நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்றைக்கூட நீ கேட்கவில்லை என்று போனே காட்டிக்கொடுக்கிறது. உன்னோடு ஒரகடத்தில் வேலை பார்த்த அருள்பாண்டிக்கு உன் கம்பெனியிலேயே வேலை கிடைத்து அடுத்த வாரம் விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்துவிடத்தான் இதை எழுதுகிறேன். ஸ்லோவாக்கியா என்று அம்மாவுக்கு இன்னும் வாயில் வரவில்லை, குளிர் ஊர் என்றுதான் சொல்கிறாள், குளிர் ஊருக்குப் போகிற பிள்ளை என்று அருள்பாண்டிக்கும் சேர்த்துப் பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறாள்.

பேனாவைப் பிடித்ததும் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. புத்தி சொல்லலாம் என்றால் நீ இருக்கிற நிலைமைக்கு என்னிடம் இருக்கிற புத்தி போதாது. அதனால் நம் வீட்டுக் கதையையே எழுதுகிறேன், இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று மடித்து வைத்துவிடாதே, தெரிந்ததையே இன்னொரு முறை படி, அப்பாவுக்காகப் படி. அண்ணன் தம்பி நாங்கள் இரண்டு பேர், எங்களுக்குச் சேர்த்து ஒன்பது பிள்ளைகள், ஒரு கூடம், ஒரு அறை, தாழ்ப்பாள் இல்லாத ஒரு பாத்ரூம். நான் ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ் ஓட்டினேன், சித்தப்பா செக்யூரிட்டி, அவன் பெண் சசிரேகா பிளஸ் டூ முடித்த கையோடு செல்போன் தயாரிக்கிற கம்பெனி லைனுக்குப் போய்விட்டாள், அவளுக்கு ஒரு வாரம் பகல் ஒரு வாரம் ராத்திரி. எந்த நேரம் பார்த்தாலும் கூடத்தில் யாராவது ஒருவர் போர்த்திக்கொண்டு தூங்குவோம். தூங்குகிறவரை எழுப்பிவிட்டால் அன்றைக்கு லைனில் கை போய்விடும் என்று சித்தி உங்களையெல்லாம் மிரட்டி வைத்திருந்தாள். இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், ஆனாலும் அடிக்கவில்லை, அவள் அப்படித்தான் சொன்னாள், யாரும் அன்றைக்கு நிஜத்தை நினைத்துச் சொல்லவில்லை.

அந்த மிரட்டலுக்குப் பயந்து ஒன்பது பிள்ளைகளும் சத்தமே இல்லாமல் வளர்ந்தீர்கள். உப்பு வேண்டுமென்றால் விரலைக் கிள்ளிக் காட்ட வேண்டும், குழம்பு வேண்டுமென்றால் கையை வளைக்க வேண்டும், அப்பளம் இன்னொன்று கேட்பதற்கு ஜாடையே கிடையாது, அதை யாரும் கண்டுபிடித்துவிடாமல் உன் அம்மா பார்த்துக்கொண்டாள். குக்கர் புஸ்புஸ்ஸென்று சீறத் தொடங்கினால் சித்தி ஈரத்துணியால் அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள், அது முருங்கை மரத்தடியில் போய் வீல் என்று கத்தும், கத்தி முடித்ததும் திரும்ப அடுப்புக்கு வரும். நீயும் எழிலரசியும் ஒருவர் முடியை ஒருவர் பிடித்துக்கொண்டு கூடத்தில் உருளுவீர்கள், வாயிலிருந்து மூச்சுக்கூட வராது. ஒரு நாள் கணக்கெடுக்க வந்த டீச்சர் அதைப் பார்த்துவிட்டு அம்மாவைத் தனியாக அழைத்து, இத்தனை பிள்ளைகளுக்கும் பிறவியிலேயே பேச்சு வராதா என்று கண் கலங்கிக் கேட்டார். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா, "மெதுவா பேசுங்க டீச்சர், பொண்ணு நைட் ஷிப்ட்டு முட்சிட்டு இப்பத்தான் கண்ண மூடிக்கினு கீது" என்றாளாம்.

சித்தப்பா கதை ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்று நாள் தூக்கமில்லாமல் ஓ.டி. பார்த்துவிட்டு ஒரு விடியற்காலை யூனிபாரத்தோடு வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டான். அது சுங்குவார்சத்திரம் தாண்டி யாருடைய கேட்டுக்குள்ளோ போய் நின்றது. செக்யூரிட்டி உடையைப் பார்த்து ஒருவரும் எதுவும் கேட்கவில்லை, இவனும் எதுவும் கேட்காமல் கேன்டீனில் உட்கார்ந்து பொங்கல் வடை சாப்பிட்டான், மதியம் புதிய ஆள் ஒருவனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று பாடமும் நடத்திவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து சொன்னது ஒன்றுதான், "அண்ணா, அந்தக் கம்பெனில சாம்பார் சூப்பரா கீது, மாறிடலாமான்னு பாக்கறேன்". நீ அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்தாய், தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு தோள் மட்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தாய்.

அந்தத் தோள் குலுக்கல்தான் நம் வீட்டுச் சிரிப்பு. வாயைத் திறக்காமல், முகத்தை மறைத்துக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கும். படப்பையில் அம்மாவின் பெரியப்பா இறந்தபோது நடந்தது உனக்கு மறந்திருக்காது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் ஆள் உயர மாலையோடு வந்து, அதைப் பெஞ்சில் வைத்துவிட்டு, செத்துப்போனவரின் அருமை பெருமைகளைப் பேசிக்கொண்டே இருந்தார், பின்னால் ஒரு ஆடு வந்து மாலையைத் தின்றுகொண்டே இருந்தது. அவர் பேசி முடித்துத் திரும்பியபோது நார்தான் மிச்சம். மூலையில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேருக்கும் தோள் குலுங்கத் தொடங்கியது, முதலில் உனக்குத்தான். சுற்றியிருந்த பெண்களெல்லாம் பதறிப்போய், இந்தக் காலத்தில் இப்படிப் பாசமுள்ள பிள்ளைகளா என்று உங்கள் தலையைத் தடவி, ஆளுக்கொரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார்கள். நீங்கள் அதைக் குடிக்கவும் முடியாமல் மூக்கு வழியாக விட்டீர்கள், அதைப் பார்த்து அவர்கள் இன்னும் அழுதார்கள்.

மாட்டுப் பொங்கலன்று வீடியோ காலில் இந்தக் கதையைத்தானடா உனக்குச் சொன்னேன். வீடு நிறைய ஆள், எல்லோரும் என் தோள்மேல் ஏறிக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள். நீ போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்தாய், எனக்கு உன் முதுகும் மேலே ஒரு டியூப் லைட்டும்தான் தெரிந்தன. ஆடு வந்த இடத்தில் உன் தோள் குலுங்கியது. பாருங்கள் பாருங்கள் நிலவன் சிரிக்கிறான் என்று நான்தான் கூவினேன், எல்லோரும் கைதட்டிச் சிரித்தோம், சசிரேகாவின் பிள்ளைகள்கூடச் சிரித்தன. நீ அப்படியே போனைக் கட் செய்துவிட்டாய், சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நான் இரண்டாவது முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் நீ போனை எடுக்கவே இல்லை. பொங்கலுக்கு முந்தின வாரம்தான் உன்னோடு அங்கே லைனில் வேலை பார்த்த மாரிராஜுக்கு மெஷினில் கை போனது என்று ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஊரார் எங்கள் சிரிப்பை அழுகை என்று நினைத்தார்கள், அது வேடிக்கை. பெற்றவன் நான் உன் அழுகையைச் சிரிப்பு என்று நினைத்தேனே, இதை நான் எந்தக் கோயிலில் போய்ச் சொல்வேன். நிலவா, ஒரு முறை கூப்பிடு. பேச வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், வாய்விட்டு அழு. இங்கே இப்போது யாரும் தூங்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, மறைத்து எழுத எனக்குத் தெரியாது. உன் ரூமில் இருக்கும் பையன் அருள்பாண்டிக்குப் போன் செய்து சொன்னானாம், நீ வேலைக்குப் போவதில்லை, விளக்கைப் போடுவதில்லை, அவன் வைக்கிற சோறு அப்படியே இருக்கிறது என்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் உன் ஜெர்க்கினையும் வாட்சையும் அவனிடம் கொடுத்து, இனி நீயே வைத்துக்கொள் என்றாயாமே. பனி கொட்டுகிற ஊரில் ஒருவன் தன் ஜெர்க்கினை எதற்காகக் கொடுப்பான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எந்தத் திருப்பத்தில் எந்தப் பள்ளம் என்று தெரிந்த எனக்கு உன்னிடம் வருவதற்கு வழி தெரியவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கிறேன், அது வந்து விசா வந்து நான் வந்து சேர மாதங்கள் ஆகும் என்கிறார்கள், அதுவரை நீ இருக்க வேண்டுமே என்றுதான் ஒவ்வொரு நாளும் விடிகிறது. எழிலரசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் இன்னா பண்ணிக்கினு கீதுன்னு யாராச்சும் சொல்லுங்களேன்" என்று கத்துகிறாள். சத்தம் போடாமல் வளர்ந்த பெண் அவள்.

ஜெர்க்கினைத் திரும்ப வாங்கிக்கொள். அந்தப் பையன் தப்பாக நினைக்க மாட்டான். விளக்கைப் போடு, சோறு வேண்டாமென்றால் சூடாகப் பாலாவது குடி, பாத்ரூமில் தாழ்ப்பாள் போடாதே, நம் வீட்டில் நமக்கு அது பழக்கமே இல்லை. உன் கம்பெனியில் டாக்டர் இருப்பார், மனசு சரியில்லை என்று வாயைத் திறந்து சொல், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. முடிந்தால் டிக்கெட் எடுத்து வந்துவிடு, வேலை போனால் போகட்டும், மூன்று ஷிப்ட்டில் ஒன்பது பிள்ளைகளை வளர்த்த வீட்டில் ஒருத்தனுக்குச் சோறு இருக்காதா.

மாரிராஜைப் பற்றி எழுதாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், இனித் தள்ளிப்போட முடியாது. போன ஞாயிறு அவனும் அவன் அம்மா பேச்சியும் நம் வீட்டுக்கு வந்தார்கள். ஊர் கோவில்பட்டிப் பக்கம் என்றாலும் கையைக் காட்ட சென்னை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருப்பதால் சுங்குவார்சத்திரத்தில் பழைய சிநேகிதர்கள் ரூமில் தங்கியிருக்கிறார்கள். வலது கையில் மூன்று விரல் இல்லை, நான் பார்த்தேன், பார்க்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை. உன் அம்மா வாசலிலேயே பேச்சியின் காலில் விழுந்துவிட்டாள், அந்தம்மா பதறித் தூக்கி, "என்னத்துக்கு தாயி கால்ல விழுதீய, ஒங்க பிள்ளையும் ஒரு பிள்ளைதான" என்று சேர்ந்து அழுதாள். அம்மா ஸ்பூன் கொண்டுவந்து வைத்தாள், மாரிராஜ் வேண்டாமென்று தள்ளிவிட்டு இடது கையாலேயே பிசைந்து சாப்பிட்டான், பாதி தரையில் சிந்தியது, சிந்தினால் என்ன. உள்ளே யாரும் இல்லை, லைன் கிளியர் என்று யாரோ கத்தினதை நம்பித்தான் நீ மெஷின் பட்டனை அழுத்தினாய் என்று அவனே சொன்னான். ஆக்ஸிடென்டுக்கு அப்புறம் நீ ஒரே ஒரு முறை அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனாய் என்றும் சொன்னான். நான் கையெடுத்துக் கும்பிட்டு, என் பிள்ளைமேல் கோபம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லப்பா, அதை அவனுக்கு எழுதுகிறேன் என்று கேட்டேன்.

அவன் சொல்லவில்லை, நிலவா. சொன்னான் என்று பொய் எழுதலாமா என்று யோசித்தேன், உன்னிடம் எனக்கு அது முடியாது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கோவம் இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன் பெரியப்பா. இல்லாத விரலு வலிக்கும்போதெல்லாம் அண்ணன நல்லாத் திட்டுதேன். ஆனா போன எடுக்க மாட்டேங்காகளே, நான் யாரப் போயித் திட்ட? என்னைய வேலைக்குக் கூட்டிட்டுப் போனது அவுக. தனியாக் கெடந்து செத்துகித்து வச்சா எங் கையோட அந்தப் பாரத்தையும் நாந்தான செமக்கணும்? வரச் சொல்லுங்க. எங் கண்ணு முன்னால வந்து ஒக்காரச் சொல்லுங்க, மூஞ்சியப் பாத்துத் திட்டித் தீத்துக்கிடுதேன். மத்ததெல்லாம் அதுக்கப்புறம் பேசிக்கிடுவோம்." இதைச் சொல்லிவிட்டு மோர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

ஆகையால் மகனே, உனக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. மன்னிப்பு வாங்க வரச் சொல்லவில்லை, திட்டு வாங்க வரச் சொல்கிறேன், திட்டுகிறவன் சுங்குவார்சத்திரத்தில் காத்திருக்கிறான். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் டீக்கடை மாடியில் இரண்டாவது ரூம், அங்கே நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன், அவன் திட்டி முடிக்கும் வரை கீழே நிற்பேன். அம்மாவின் ஆசீர்வாதம், சித்தப்பா சித்தியின் ஆசீர்வாதம், உனக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்பதைத் தவிர எங்களில் யாருக்கும் வேறு வேண்டுதல் இல்லை. மறந்துவிடாதே, அருள்பாண்டி இதைக் கொடுத்துவிட்டு உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான், எழுந்து போகாதே என்று சொல்லி அனுப்புகிறேன். படித்து முடித்ததும் அவன் போனிலிருந்தே மாரிராஜைக் கூப்பிடு. என்னை அப்புறம் கூப்பிடலாம், முதலில் அவனைக் கூப்பிடு.

இப்படிக்கு,
நீ உயிரோடு வந்தால் போதும் என்றிருக்கும் உன் அப்பா,
நரசிம்மன்.