ஈயக் கூண்டுக்குள் ஓர் உபரி

மே 6, திங்கள்
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கதிர்வீசும் தங்கம் பம்பாயிலிருந்து வந்து சேர்ந்தது. மிளகளவுகூட இல்லை. மூன்று நாளுக்குள் பாதி போய்விடும். அதற்குள் அது வீசும் பீட்டா துகள்களை எண்ணியாக வேண்டும். வெளிக்கதிரைத் தடுக்கும் ஈயக் கூண்டைத் தங்கம் இல்லாமல் வெறுமனே எண்ணியது போன வாரம். சுற்றுப்புறக் கதிரின் கணக்குக்கு அதுவே போதும், கழித்துக்கொள்ளலாம்.
சாயங்காலம் ஆறு முதல் எட்டு கரண்ட் கட். அட்டெண்டர் காசி அண்ணன் பெட்ரோமாக்ஸைத் துடைத்து வைத்துவிட்டார்.

மே 7, செவ்வாய்
பீட்டா ஆற்றல் வரைபடத்தின் வால் பகுதியில், இருக்க வேண்டியதைவிட உபரி எண்ணிக்கை! யாரும் எழுதாத ஒரு சிதைவு. நிஜமானால், அந்த அணுக்கருவின் அமைப்பைப் பற்றிப் புதுச் செய்தி. ஆய்வு வழிகாட்டி சார் இன்றே கட்டுரையை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டார். என் பெயர் முதலில். வெள்ளிக்கிழமை தபால்.
வாங்க: கிராஃப் தாள், சோப்பு, வெண்டைக்காய்.

மே 9, வியாழன்
தங்கம் பாதிக்கு வந்துவிட்டது. உபரி மட்டும் அப்படியே. தங்கத்தின் வேலை என்றால் அதுவும் பாதியாக வேண்டுமே! தங்கத்தை வெளியே எடுத்துவிட்டு எண்ணினேன். அப்போதும் உபரி.
ஈயக் கூண்டைப் பிரித்தேன். ஈயச் செங்கல் இடுக்கில் பெட்ரோமாக்ஸில் கட்டும் வலைத்திரி, மேண்டில், ஆறு பாக்கெட்.
"நாந்தான் திங்கக்கெழம வச்சேன் தாயி," என்றார் காசி அண்ணன். "வெளிய வச்சா எலி அம்புட்டையும் கடிச்சுப்புடுது. இம்புட்டு கனமான கூண்டுக்குள்ள வராதுல்ல?"
மேண்டிலில் தோரியம். அதுவும் கதிர் வீசும். அவரைத் திட்டினேன். பிறகு வெட்கம். பழைய எண்ணிக்கையை நம்பியது நான்.
சாரிடம் போனேன்.
"அனுப்பாதீங்க சார். மீதித் தங்கத்தை வச்சு மறுபடி எடுக்கிறேன்."
"ஒண்ணுமே இல்லைன்னு வந்தா?"
"இல்லைன்னு எழுதுவேன் சார்."
சார் மேசை இழுப்பறையைத் திறந்து கட்டுரையை என்னிடமே கொடுத்துவிட்டார்.

மே 10, வெள்ளி
வெறும் கூண்டு, புது எண்ணிக்கை. மேண்டில் அடுத்த கட்டடத்தில், பிஸ்கட் டின்னில். காசி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு தாயி" என்று டீ வாங்கி வந்தார். மதியம் தங்கத்தை உள்ளே வைத்தேன்.

மே 11, சனி
வால் பகுதியில் ஒன்றும் இல்லை. கோடு சுத்தமாக இறங்குகிறது. அழுகை வந்தது, அழுதேன். முகம் கழுவினேன்.
தங்கம் இன்னும் இரண்டு நாள் தாங்கும். கிராஃப் தாள் தீர்ந்துவிட்டது. டைப் அடித்த கட்டுரையைத் திருப்பிப் போட்டு, என் பெயருக்குப் பின்பக்கம் கட்டம் போட்டேன். முதல் எண்ணிக்கை, மணி 10.20